ஐந்தாம் வகுப்பு என்று சொன்னவள்

அத்தியாயம் 17

வியாழக்கிழமைப் பின்னேரம் வேலைக்காரருக்குச் சொந்தம். பலெர்மோவில் வீட்டு வேலைக்குப் போகிற எந்தத் தமிழரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஞாயிறு முழுநாள், வியாழன் அரைநாள். அந்த அரைநாளில்தான் சனம் தலைமயிர் வெட்டும், ஊருக்குப் போன் எடுக்கும், குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் பெர்மெஸ்ஸோவுக்கு, அதாவது வதிவிட அனுமதிக்கு, வரிசையில் நிற்கும். மிச்ச நேரம் இருந்தால் புருசன் பெண்சாதிச் சண்டையையும் பிடித்து முடிக்கும்.

சந்திரமதி தன் வியாழக்கிழமைகளில் பாதியைத் தான் பராமரிக்கிற கிழவி, வீட்டு எசமானி, சின்யோராவுக்கே திருப்பிக் கொடுத்தவள். கிழவிக்குத் தடிமன், கிழவியின் மகனுக்குக் கூட்டம், மருமகளுக்குத் தலையிடி. ஏதாவது ஒன்று வரும். இவளும் கழற்றப் போன ஏப்ரனைத் திரும்பக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவாள்.

இன்றைக்கும் வந்தது.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள அந்த மூன்றாம் மாடி வீட்டில், சின்யோராவுக்குக் கடைசிக் கரண்டி சூப்பைப் பருக்கி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகன் உள்ளே வந்தார். வழக்கறிஞர். வீட்டில், கடையில், தேவாலயத்தில் எல்லோரும் அவரை அவ்வொக்காத்தோ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் என்னவென்று சந்திரமதிக்கே இரண்டாம் வருடத்தில்தான் தெரிய வந்தது.

"சந்திரா, இன்றைக்கு மட்டும் ஏழு மணி வரை நில்லுங்கள். எனக்கு ஒரு வேலை இருக்கிறது."

"இன்றைக்கு முடியாது, அவ்வொக்காத்தோ."

அவர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே "நன்றி, நன்றி" என்றார். பிறகுதான் காதில் விழுந்தது. நிமிர்ந்தார்.

"முடியாதா? உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கிறது. எனக்கும் ஒரு வேலை இருக்கிறது."

அந்த மனிதருக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. சுவர்க் கடிகாரம் வாய் திறந்து பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். சக்கர நாற்காலியில் இருந்த கிழவிதான் மேசையில் தட்டினாள்.

"கமுரியா! போகட்டும் விடு. வியாழக்கிழமை அவளுடையது. உன் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்."

கமுரியா என்றால் தொல்லை. பலெர்மோச் சனத்தின் வாயில் நாளுக்கு நூறு தடவை வரும் சொல். சந்திரமதியின் இத்தாலிய மொழி முழுவதும் இந்தக் கிழவியிடம் பொறுக்கியதுதான். அதில் பாதி இத்தாலியன், பாதி சிசிலியன், ஏச்சுப் பேச்சு முழுவதும் சிசிலியன்.

அவள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

*

மத்தேயோத்தி வீதியில் சனத்துக்குள் புகுந்து நடந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. பேரின்பநாயகம். பகேரியாவில் ஒரு பழைய வில்லாவில் தோட்டமும் துப்புரவும் பார்க்கிற அவளுடைய கணவர். சாப்பாட்டு நேரத்தில் எடுக்கிற வழக்கமில்லை.

"எங்கை நிக்கிறாய்?"

"றோட்டிலை. பள்ளிக்கூடத்துக்குப் போறன்."

"சந்திரா, நான் ராத்திரியும் சொன்னனான். போகாதை. தந்த வகுப்பிலை பேசாமல் இரு."

"தந்த வகுப்பிலை இருந்தால் ரெண்டு வருசம் போயிடும், அப்பா."

"போகட்டுமன். ஆர் கலைச்சுக்கொண்டு வாறாங்கள்?"

ஆர் துரத்துகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். வருகிற உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் சின்யோராவை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதென்று அவ்வொக்காத்தோ முடிவெடுத்துவிட்டார். கிழவியோடு சந்திரமதியின் வேலையும் போகிறது. அந்த இல்லத்தின் நிருவாகி, கிழவியை இவள் கட்டிலில் புரட்டிப் படுக்கவைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, "உங்களை நாளைக்கே எடுப்பேன், ஆனால் பராமரிப்புப் படிப்புச் சான்றிதழ் இல்லாமல் எடுக்கச் சட்டம் விடாது" என்றாள். அந்தப் படிப்பு அடுத்த இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. அதில் சேர்வதற்கு இத்தாலியில் எட்டாம் வகுப்புப் பாஸ் வேண்டும். தெர்சா மேதியா என்பார்கள்.

ஊரில் சந்திரமதி சாதாரணதரம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்துப் பாஸ் பண்ணியவள். அந்தச் சான்றிதழ் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது எந்தப் பெட்டியோடு எங்கே போனதோ. கொழும்பில் பிரதி எடுத்து, மொழிபெயர்த்து, தூதரகத்தில் முத்திரை குத்தி முடிவதற்குள் அந்த வேலைக்கு வேறு யாராவது வந்துவிடுவார்கள். அதைவிடக் கெதியான வழி, பெரியவர்களுக்கென்று அரசாங்கம் நடத்துகிற பள்ளிக்கூடம். காசு இல்லை. வயது பார்ப்பதில்லை. ஒரே வருடத்தில் தெர்சா மேதியா எடுத்துவிடலாம், சரியான வகுப்பில் சேர்ந்தால்.

சேர்ந்தது சரியான வகுப்பில் இல்லை. அதற்கும் காரணம் உண்டு.

பலெர்மோத் தமிழருக்குப் பேப்பர் அலுவல் எல்லாம் பார்த்துக் கொடுக்கிறவர் சிறீஸ்கந்தராசா. சிறி அண்ணை என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் வைத்த சட்டம் ஒன்றுதான்: ஒபிசில் கேட்டதற்கு மட்டும் பதில், அந்தப் பதிலும் சின்னன். அகதி வழக்குக் காலத்தில் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லிக் கெட்டவர்களை அவர் கண்ணால் கண்டவர். போன வாரம் பதிவுக்குப் போகமுதல் அவரிடம்தான் கேட்டார்கள். "படிப்பு எவ்வளவு எண்டால் அஞ்சாம் வகுப்பு எண்டு சொல்லுங்கோ. கூடச் சொன்னால் பேப்பர் கேப்பாங்கள். குறையச் சொன்னால் லேசான வகுப்பு. தலையிடி இல்லை."

பதிவு மேசையில் பேரின்பநாயகமே முந்திக்கொண்டு ஐந்து விரலை விரித்துக் காட்டினார். சந்திரமதி தலையை ஆட்டினாள். எழுத்தறிவு வகுப்பில் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை முதல் வகுப்புக்குப் போய் இருந்தாள். ஆசிரியை படம் போட்ட மட்டைகளைத் தூக்கிக் காட்டினாள். மரம். வீடு. மீன். பக்கத்தில் ஒரு மொறோக்கோ மனிசி, பேனையைப் பிடிக்கத் தெரியாமல் ஐந்து விரலாலும் அமுக்கிக்கொண்டு வியர்த்துக் கொட்டினாள். அவளுக்கு அந்த வாங்கு வேண்டும். தனக்கு வேண்டாம் என்பது சந்திரமதிக்கு மூன்றாவது மட்டையிலேயே விளங்கிவிட்டது.

"ஏனப்பா கதைக்காமல் நிக்கிறாய்?" என்றார் பேரின்பநாயகம் போனில். "சித்தாதினான்ஸா போட்டுக் கிடக்கு. இப்ப போய் நான் பொய் சொன்னனான் எண்டு நீயே சொல்லப்போறியோ? அதை எழுதி எங்கையாவது அனுப்பினாங்கள் எண்டால்? எனக்கு, உனக்கு, பிள்ளைக்கு, எல்லாருக்கும் சேர்த்து ஆப்பு."

குடியுரிமை என்ற சொல் எப்போதும் அவளை நிறுத்திவிடும். இப்போதும் ஒரு செருப்புக் கடைக்கு முன்னால் நிறுத்தியது. கண்ணாடிக்குள் இருந்த சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொய்யைச் சொன்னது நீங்கள்," என்றாள். "நான் தலையைத்தான் ஆட்டினனான். இண்டைக்கு ஆட்டமாட்டன். வையுங்கோ போனை."

*

பள்ளிக்கூடம் புகையிரத நிலையத்துப் பக்கம், பழைய கட்டடம். வாசலில் கேசிகா நின்றாள். பதினேழு வயது மகள். காதில் ஒன்று, கையில் ஒன்று என்று எப்போதும் ஏதாவது வயர்.

பள்ளிக்கூடத்தின் இணையப் பக்கத்தைத் துருவி விசயத்தைக் கண்டுபிடித்தவள் அவள்தான். தெரிந்த பாடத்தைச் சோதனையில் செய்து காட்டினால் அந்தப் பாடத்துக்கான மணித்தியாலங்களைக் கழித்துவிடுவார்கள். ஆனால் மிச்ச மணித்தியாலங்களுக்கு வரவேண்டும். வரவு குறைந்தால் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் சோதனைக்கு விடமாட்டார்கள். எந்த வகுப்பென்று முடிவாவது இன்றைக்கு.

"விளங்குதோ அம்மா? குறையச் சொன்னால் கூட நேரம் இருக்க வேணும். கூடச் சொன்னால் குறைய நேரம். சிறி மாமா சொன்னது அப்பிடியே தலைகீழ்."

"விளங்கீட்டுது. எத்தினை தரம் சொல்லுறாய்."

"நான் உள்ளை வாறன். நான் கதைக்கிறன்."

"வேண்டாம்."

"அம்மா, உங்கடை இத்தாலியன் இத்தாலியன் இல்லை. உங்கடை கிழவி நொன்னாவின்ரை சிசிலியன். அங்கை போய் மீன் சந்தையிலை நிக்கிற மாதிரிக் கதைச்சால் அவையள் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். அண்டைக்கு அப்பா விரலைக் காட்டினார். இண்டைக்கு நீ வாயைக் காட்டினால் நான் எதைக் காட்டுறது?"

கேசிகா தாயின் தோளில் ஒட்டியிருந்த கிழவியின் நரைமயிர் ஒன்றை எடுத்து எறிந்தாள்.

"சரி, போங்கோ. ஆனால் கமுரியா எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

*

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி கட்டைத் தலைமயிர், கண்ணாடி சங்கிலியில் கழுத்தில் தொங்கியது. ஆசிரியை கிளறா என்று கதவில் எழுதியிருந்தது. மற்றவர் கணக்கு ஆசிரியர், பெரிய மீசை, முன்னால் பேப்பர்க் கட்டு. போன வாரம் பதிவு மேசையில் இருந்தவர்கள் வேறு ஆட்கள்.

சந்திரமதி கதிரையில் இருக்கவில்லை. இருந்தால் சொல்ல வராது என்று பயம்.

"சின்யோரா, நான் போன வாரம் பொய் சொன்னேன்," என்றாள். அவளுடைய இத்தாலியனில் அது அவ்வளவு நேராகத்தான் வரும். சுற்றி வளைக்கிற சொற்களைக் கிழவி கற்றுக்கொடுக்கவில்லை. "ஐந்தாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறது. நான் பதினொன்று வரை படித்தேன். கணக்கு, விஞ்ஞானம், எல்லாம் பாஸ். சான்றிதழ் இல்லை. போர். என்னை அந்த வகுப்பில் வைக்க வேண்டாம். பொய்க்குத் தண்டனை இருந்தால் எனக்குத் தாருங்கள். என் கணவருக்கும் மகளுக்கும் வேண்டாம்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கிளறா கண்ணாடியை எடுத்துப் போட்டாள். மீசைக்காரரைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார்.

"தண்டனையா? இது பள்ளிக்கூடம். குவெஸ்தூரா இல்லை. போன வாரம் நடந்தது வெறும் பேச்சு. நீங்கள் இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவே இல்லை. போடுவது இன்றைக்கு. முதலில் இருங்கள், விழப்போகிறீர்கள்."

சந்திரமதி இருந்தாள்.

"நீங்கள் எந்த நாடு? ஸ்ரீலங்காவா?"

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டுத் திருத்தினாள். "ஸி."

"தமிழா?"

"ஸி."

கிளறா பேனையை மேசையில் போட்டாள். "எத்தனையோ வருடமாக இங்கே இருக்கிறேன். வருகிற தமிழர் எல்லோரும் ஐந்தாம் வகுப்பு. ஆண், பெண், இளசு, கிழடு, எல்லோரும் ஐந்து. உண்மையைச் சொல்கிறேன், உங்கள் தீவில் பள்ளிக்கூடமே ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்."

மீசைக்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சந்திரமதிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எத்தனை பேர். எத்தனை வாங்கு. வில்லாக்களைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்து மரம், வீடு, மீன் என்று சொல்லிக்கொண்டு எத்தனை மாரிகாலம்.

"சோதியுங்கள்," என்றாள்.

சோதித்தார்கள். மீசைக்காரர் கணக்கைத் தந்தார். பின்னம், வீதம், ஒரு சமன்பாடு. கை துருப்பிடித்துத்தான் இருந்தது. முதல் கணக்கில் பிழைவிட்டு, வெட்டி, திரும்பச் செய்தாள். மூன்றாவதில் கை ஓடத் தொடங்கியது. கேத்திரகணிதத்தில் ஒன்று சுத்தமாக மறந்துபோயிருந்தது. "இது மறந்துவிட்டது," என்று நேரே சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்ததற்குப் போனார்.

விஞ்ஞானத்துக்கு இரத்த அழுத்தம் என்றால் என்னவென்று கேட்டார். அதற்கு அவள் புத்தகத்தைத் தேடிப் போகவில்லை. சின்யோராவுக்குக் காலையில் எவ்வளவு, மருமகள் வந்துபோன பிறகு எவ்வளவு, உப்புக் கூடினால் கால் ஏன் வீங்குகிறது, எந்தக் குளிசையை ஏன் வெறுவயிற்றில் கொடுக்கக் கூடாது என்று தொடங்கினாள். பாதியில் வாய் தவறி ஒரு "கமுரியா" விழுந்தது. கிளறா குனிந்து எதையோ தேடுகிற மாதிரிப் பாவனை பண்ணினாள்.

"வேலையில் கற்றதும் படிப்புத்தான். அதையும் கணக்கில் எடுக்கலாம்," என்றார் மீசைக்காரர்.

அதுவரை நன்றாகப் போனது. பிறகு எழுதச் சொன்னார்கள். நீங்கள் வேலை செய்கிற வீட்டைப் பற்றிப் பத்து வரி.

அங்கேதான் விழுந்தாள். பேசுகிற வாய்க்கும் எழுதுகிற கைக்கும் நடுவே ஒரு கடல் கிடந்தது. எழுத்து இரட்டிக்க வேண்டிய இடத்தில் இரட்டிக்கவில்லை. கிழவி எப்படிச் சொல்வாளோ அப்படியே எழுதினாள். ஐந்தாவது வரியோடு சொல் தீர்ந்துவிட்டது. கிளறாவின் சிவப்புப் பேனை இறங்கிய இடமெல்லாம் தோட்டத்தில் கோழி கிண்டின மாதிரி ஆனது.

"ஒளிக்காமல் சொல்கிறேன்," என்றாள் கிளறா. "கணக்கும் விஞ்ஞானமும் கழித்துவிடலாம். அதனால் புதன்கிழமை நீங்கள் வரத் தேவையில்லை. தெர்சா மேதியா வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இத்தாலியனில் ஒரு மணித்தியாலம்கூடக் கழிக்கமாட்டேன். எழுத்து மோசம். நாளைக்கு ஒரு நோயாளியின் நிலைமையை நீங்கள் எழுதி வைக்க, அதை வாசித்து இன்னொருத்தர் மருந்து கொடுக்கவேண்டி வரும். திங்கள், செவ்வாய், வியாழன், மூன்று நாளும் பின்னேரம் வரவேண்டும். திங்கட்கிழமைதான் எழுத்துப் பயிற்சி. அதை விட்டால் வரவும் காணாது, எழுத்தும் வராது. வருவீர்களா?"

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மருமகள் வந்து கிழவியோடு இருப்பாள். வியாழன் தன்னுடையது. திங்கட்கிழமை?

திங்கட்கிழமை அவ்வொக்காத்தோவினுடையது; அன்றைக்குக் கிழவியோடு இருக்க வேறு ஆள் இல்லை.

"வருவேன்," என்று சந்திரமதி கையெழுத்துப் போட்டாள். முழுப்பெயர். சந்திரமதி பேரின்பநாயகம்.

கிளறா அந்தப் பெயரை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். உதடு சுளுக்கியது.

"இந்தப் பெயரோடு முன்பு ஒருவர் இருந்தார். நான் எழுத்தறிவு வகுப்பு எடுத்த காலம். நெடுவல் ஆள். கடைசி வாங்கில் இருப்பார். அவரும் ஐந்தாம் வகுப்புத்தான்," என்று சிரித்தாள். "ஆனால் நான் கடைக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதி முடிக்க முன்னம் முழு வகுப்புக்கும் விடை போய்விடும். எனக்கு அப்போது விளங்கவில்லை. இரண்டாம் மாரிகாலம் ஒருநாள் வரவில்லை, பிறகு வரவே இல்லை. உங்களுக்குச் சொந்தமா?"

சந்திரமதி பேனையின் மூடியை மூடினாள்.

"என் கணவர்," என்றாள்.

*

அல்பெர்கேரியாவில் அவர்களுடைய வீடு சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைக்குள். கீழே மீன்காரர் தண்ணீர் அடித்துக் கழுவுகிற நேரத்தில் பேரின்பநாயகம் பகேரியாவிலிருந்து வந்து சேர்ந்தார். நகத்துக்குள் மண். கை கழுவமுதலே குசினி வாசலில் நின்றார்.

"என்ன நடந்தது? என்ன எழுதினாங்கள்?"

"ஒண்டும் எழுதேல்லை. வகுப்பு மாத்தீட்டினம். திங்கள், செவ்வாய், வியாழன் பின்னேரம் போகவேணும். ஒரு வருசத்திலை சோதினை."

"பொய்க்கு?"

"பள்ளிக்கூடத்திலை பொய்க்குத் தண்டனை இல்லையாம். கிளறா எண்டு ஒரு ரீச்சர் சொன்னவ."

பேரின்பநாயகத்தின் முகத்திலிருந்து பயம் இறங்கிப் போனது. அந்த இடத்தில் வேறு ஒன்று வந்தது.

"ஆர், கண்ணாடியைச் சங்கிலியிலை தொங்கவிட்டுக்கொண்டு திரியிறவவோ? இன்னும் அங்கையோ இருக்கிறா?"

குசினி மேசையில் போனோடு இருந்த கேசிகா தலையைத் தூக்கினாள்.

"அப்பா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மனிதர் குழாயைத் திறந்து கை கழுவத் தொடங்கினார். கழுவினார், கழுவினார், மண் போன பிறகும் கழுவினார்.

"அம்மா வரமுன்னம்," என்றார் கடைசியில், குழாயைப் பார்த்துக்கொண்டு. "பெர்மெஸ்ஸோவுக்குப் பள்ளிக்கூடத்திலை ஒரு பேப்பர் தேவைப்பட்டது. போனனான். பேந்து வேலை மாறீட்டுது. விட்டிட்டன். இதிலை என்ன கிடக்கு."

"உயர்தரத்திலை கணிதம் செய்த மனுசன்," என்றாள் சந்திரமதி. "கடைசி வாங்கிலை இருந்து சனத்துக்கு விடை சொல்லிக் குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறியள். எனக்கு இவ்வளவு வருசத்திலை ஒரு சொல் சொல்லேல்லை."

"என்னத்தைச் சொல்லுறது? மரம், வீடு எண்டு படிச்சனான் எண்டோ?"

"அது தெரிஞ்சுகொண்டும் எனக்கு ஏன் அதே அஞ்சு விரலைக் காட்டினியள்?"

பேரின்பநாயகம் திரும்பினார். கையிலிருந்து தண்ணீர் நிலத்தில் சொட்டியது.

"அஞ்சு எண்டு சொன்னதாலை என்னை ஒருத்தரும் திருப்பி அனுப்பேல்லை. அகதி வழக்கிலை கூடுதலாப் படிச்சனான் எண்டு சொன்ன என்ரை சினேகிதன் தனேஸிட்டை, அப்ப நீ எந்த இயக்கம், ஆர் படிப்பிச்சது எண்டு கேள்வி கேட்டுக் கேட்டே அவனை முடிச்சுப்போட்டாங்கள். அஞ்சு எண்டு சொல்லித்தான் நாங்கள் இஞ்சை இருக்கிறம், சந்திரா."

கேசிகாவுக்கு அது புதுக்கதை. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சந்திரமதிக்கு மனம் இளகியது. ஆனால் இளகினதைக் காட்டினால் திரும்பவும் தலையை ஆட்டவேண்டி வரும் என்பதும் தெரியும். துவாயை எடுத்து அவரிடம் எறிந்தாள்.

"அது அவங்கள் கேட்ட கேள்வி. இவ கேட்டது வேறை. கேக்கிற ஆள் மாறீட்டுது, அப்பா. எங்கடை மறுமொழிதான் மாறேல்லை."

கீழே மீன்காரர் யாரையோ பார்த்துக் கத்தினார்.

"திங்கட்கிழமை என்ன செய்யப்போறாய்?" என்றார் பேரின்பநாயகம், துவாய்க்குள்ளிருந்து. "நான் வேணுமெண்டால் முந்தின ட்றெயினிலை வந்து கிழவியோடை இருக்கிறன்."

"நொன்னா அப்பாவைக் கண்டால் சந்தோசப்படுவா," என்றாள் கேசிகா. "ஆம்பிளையள் எண்டால் அவவுக்குப் பிரெஷரே இறங்கும்."

"வாயை மூடு, பிள்ளை." சந்திரமதி சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். "வேண்டாம். ஆள் தேடுறது அவ்வொக்காத்தோவின்ரை பாடு. அவரின்ரை அம்மா. நீங்கள் திங்கட்கிழமை முந்தின ட்றெயினிலை வாறது எண்டால் வேறை இடத்துக்கு வாங்கோ."

"எங்கை?"

"கிளறாவிட்டை. பதிவு இன்னும் மூடேல்லை. இந்தமுறை விரலைக் காட்டாமல் வாயாலை சொல்லுங்கோ."

பேரின்பநாயகம் துவாயை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

சந்திரமதி போனை எடுத்தாள்.

"அம்மா, மெசேஜ் போடுங்கோ. நான் எழுதித் தாறன், மரியாதையாய்."

"மெசேஜ் போட்டால் பாக்கேல்லை எண்டு சொல்லுவார்."

மணி அடித்தது. நீளமாக அடித்தது. "ப்ரோந்தோ" என்று குரல் வந்தபோது சந்திரமதி சுவரோடு முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"அவ்வொக்காத்தோ, நான் சந்திரா. வருகிற கிழமையிலிருந்து திங்கட்கிழமைப் பின்னேரம் நான் வரமாட்டேன். பள்ளிக்கூடம் போகிறேன். வேறு ஆளைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டுமென்றால் வருகிறவளுக்கு நான் வேலை காட்டிக் கொடுக்கிறேன்."

பின்னணியில் தொலைக்காட்சி, கோப்பைச் சத்தம், கிழவி யாரையோ ஏசுகிற சத்தம்.

"ஒரு திங்கட்கிழமையா?"

"எல்லாத் திங்கட்கிழமையும்."

"எனக்கு இது வசதிப்படாது, சந்திரா. இன்றைக்கும் நீங்கள் நிற்கவில்லை."

"தெரியும்."

பிறகு அவர் மிகவும் மரியாதையாக, நீதிமன்றத்தில் பேசுகிற குரலில் சொன்னார்:

"நாளைக் காலையில் வரும்போது வீட்டுச் சாவியைக் கையோடு கொண்டுவாருங்கள். உங்களிடம் இருக்கிற இரண்டையும்."

பேரின்பநாயகத்துக்கு இத்தாலியன் நன்றாகவே விளங்கும். துவாய் கையிலிருந்து நழுவியது. கேசிகா எழும்பிவிட்டாள். புது ஆளுக்குப் பிரதி எடுக்கவா, கதவை ஒரேயடியாகப் பூட்டவா, அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

சந்திரமதி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"கொண்டுவருகிறேன்," என்றாள். "திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கும் போகிறேன்."